ஊசிக் கணக்கு

மே 27, செவ்வாய்

இன்று முதல் எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாராவது விசாரணை அது இது என்று கிளப்பினால் நாள் கிழமையோடு என் கையில் இருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலை நோயாளிகளுக்கும் நடுவில் அரை மணி நேரம் கிடைக்கும். அதற்கு இது போதும்.

முதலில் என்னைப் பற்றி. குற்றாலலிங்கம், வயது அறுபத்தொன்று, பாளையங்கோட்டையில் முப்பத்தொரு வருடமாகக் குடல் அறுவை மருத்துவர். இந்தப் பிரிவை எடுத்தபோது என் மாமனார், "வேற பாகமே கெடைக்கலையா மாப்பிள்ளை?" என்று கேட்டார். இதயம், மூளை என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவர் அவர். கல்யாணப் பந்தியில் இலையில் பாயசம் விழும் நேரம் பார்த்துத்தான் பக்கத்து இலைக்காரர் தனக்குக் காலையில் போனது என்ன நிறம் என்று என்னிடம் சொல்வார். எல்லாம் பழகிவிட்டது.

என் வேலை எளிது. குடலில் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும். எல்லோரும் இப்போது ஸ்டேப்ளர் வைக்கிறார்கள். நான் கையால் தைப்பவன். அந்த இணைப்பு பிடித்துக்கொண்டதா இல்லையா என்பது ஐந்தாம் நாள் வாக்கில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் மலம் வயிற்றுக்குள் கசியும். லீக் என்போம். யாருக்கும் வரும். நூற்றுக்கு மூன்று நான்கு எனக்கும் வந்திருக்கிறது.

ஆனால் எங்கள் தெரு ஆறுமுகநயினாருக்கு வந்திருக்கக் கூடாது. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், நடைக்கு என்னோடு வருபவர். தெருக்காரர் என்பதால் அன்று கடைசித் தையல் வரை நானே நின்று வயிற்றை மூடினேன். ஐந்தாம் நாள் லீக். மறுபடி திறந்து, மலம் வெளியேற இடுப்பில் பை வைத்து அனுப்பினோம். இப்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

என் தையலில் தவறில்லை. அப்படியானால் வேறு எங்கேயோ யாரோ.

மே 28, புதன்

நூல் கம்பெனியை மாற்றிவிட்டார்களா என்று ஸ்டோரில் கேட்டேன். இல்லையாம். பிறகு ஏன் முடிச்சுப் போடும்போது விரலில் நிற்காமல் வழுக்குகிறது? கேட்டால் ஸ்டோர்க்காரன் சிரிக்கிறான்.

மே 30, வெள்ளி

என் உதவி மருத்துவர் ஜெபசிங் பற்றி எழுதியாக வேண்டும். முப்பத்தாறு வயது. நாசரேத் பக்கம். என்னிடம் ஆறு வருடமாக இருக்கிறான். அதிகம் பேசமாட்டான். அதிகம் பேசாதவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

எங்கள் வழக்கம் இது: குடலை இணைத்து முடித்ததும் நான் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து நோயாளியின் வீட்டாரிடம் பேசுவேன். உள்ளே ஜெபசிங் வயிற்றை மூடுவான். இருபத்தைந்து நிமிட வேலை. கொஞ்ச நாளாக இவன் ஒரு மணி நேரம் எடுக்கிறான். இன்று ஒரு காபி குடித்து, நாலு பேரிடம் பேசி, திரும்ப எட்டிப் பார்த்தேன். இன்னும் குனிந்துகொண்டிருக்கிறான். எதிரே தியேட்டர் சிஸ்டர் அமலோற்பவம். இருபது வருடமாக என் கையில் கருவியைக் கேட்குமுன் வைப்பவள். இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கதவுச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது.

"என்னப்பா, இன்னும் முடியலையா?"

"இந்தா முடிஞ்சிட்டு சார்."

என்ன முடிந்தது என்று கேட்கவில்லை. அடுத்த முறை கேட்க வேண்டியிருக்காது. நானே நின்று பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 2, திங்கள்

மானூர்ப் பக்கத்திலிருந்து தங்கபுஷ்பம் என்றொரு பெண். முப்பத்தெட்டு வயது, பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல். ஆறு மாதமாக மலத்தில் ரத்தம். மூலம் என்று கை வைத்தியம் பார்த்திருக்கிறாள். கேமரா விட்டுப் பார்த்தேன். பெருங்குடலின் கீழ் வளைவில் கட்டி. புற்று. நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை.

சொன்னேன். அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பை வைக்காம முடிச்சிருவியளா சார்?"

அவள் அம்மாவுக்குப் பை வைத்திருந்ததாம். அதோடு சமையற்கட்டுப் பக்கம் யாரும் விடவில்லையாம். "நான் சோறு ஆக்குத ஆளு. பையோட வந்தா என்னைய பிள்ளைய பக்கத்துல அண்ட விடுவாங்களா?"

இணைப்பு பிடித்துக்கொண்டால் பை தேவையில்லை. லீக் ஆனால் பை, அல்லது அதைவிட மோசம். இதை அவளிடம் சொன்னேன். "என் கையால் தைப்பேன். கவலைப்படாதே" என்றேன். ரத்தம் ஏழுக்கும் கீழே இருக்கிறது. ஏற்றித் தேற்ற ஒரு மாதம் வேண்டும். ஜூலை 4 என்று குறித்துக் கொடுத்தேன். சீட்டை இரண்டாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அதற்குள் இந்த வீட்டுக்குள் இருக்கும் எலியைப் பிடித்துவிட வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

அம்பாசமுத்திரத்து ஆசிரியை ஒருவருக்கு அறுவை. நான் வெளியே போகவில்லை. ஜெபசிங் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். சிஸ்டரும். நான் போவேன் என்று காத்திருந்தார்கள்.

"சார், குடும்பத்துக்காரங்க வெளிய காத்திருக்காங்க."

"இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து, "காத்து ஊதி ஒரு தடவ பாத்துரலாமா சார்?" என்றான். இணைப்பைத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு உள்ளே காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பது மாதிரி. ஸ்டேப்ளர்காரர்களுக்கு வேண்டுமானால் அது தேவை. முப்பத்தொரு வருடத்தில் நான் இணைப்பை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பார்த்தே சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

மூடி முடிக்க சரியாக இருபத்தைந்து நிமிடம். பார்த்தாயா.

ஜூன் 7, சனி

காலையில் என் மனைவி ஆவுடை காபி கொண்டுவந்தாள். குடித்து முடித்து டம்ளரை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொப்புளம்.

"சூடு தெரியலையா உங்களுக்கு?"

"பேப்பர் படிச்சிட்டிருந்தேன்."

"சட்டைப் பொத்தானும் ஒரு மாசமா நாந்தான் போட்டு விடுதேன். அதுக்கும் பேப்பர்தானா?"

கல்லூரியில் முப்பது வருடம் தாவரவியல் எடுத்தவள். எதையும் லென்ஸ் வைத்துப் பார்க்கும் புத்தி போகவில்லை. தையற்காரன் துளையைச் சின்னதாக வெட்டிவிட்டான் என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஆசிரியைக்கு லீக். காய்ச்சல், நாடி நூற்றுமுப்பது. திறந்து பை வைத்தோம். பிழைத்துவிடுவார்.

நான் முழு நேரமும் நின்ற அறுவை. தியேட்டரில் எதுவும் நடக்கவில்லை, என் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் வார்டில்தான். கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். மூன்றாம் நாளே இட்லி கொடுக்கச் சொல்லி ஜெபசிங் கையெழுத்து. இப்போதெல்லாம் அப்படித்தான் கொடுக்கிறார்களாம், ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கிறதாம். கட்டுரை எழுதியவனா வந்து தைக்கப் போகிறான்?

என் இடம் காலியானால் இந்தப் பிரிவுக்குத் தலைவன் யார் என்று யோசித்தேன். அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

இரண்டு அறுவைகள். மாலையில் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும். இரண்டிலும் இணைத்து முடித்ததும் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

வியாழக்கிழமை ஆட்கள் இருவரும் நலம். காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறார்கள். அவசரத்தில் செய்தாலும் என் கை பேசுகிறது.

ஜூன் 18, புதன்

பேட்டையைச் சேர்ந்த வண்டிமலையான், ஐம்பத்தெட்டு வயது, பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். மலக்குடலுக்குச் சற்று மேலே புற்று. மனைவி இசக்கியம்மாள் தியேட்டர் வாசலில் என் காலைத் தொட வந்தாள். தடுத்துவிட்டேன்.

இன்றும் கடைசி வரை நின்றேன். இணைத்து முடித்ததும் ஜெபசிங் நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இந்தப் பின்பக்கத்துல இன்னும் ரெண்டு தையல் போட்டுரட்டுமா?"

"நான் போட்டது போதாதா?"

"இல்ல சார். ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"யாருக்குப் பாதுகாப்பு?"

சிஸ்டர் அமலோற்பவம் நூலைப் பிடித்துத் தயாராக வைத்திருந்தாள். யார் கேட்டு எடுத்தாள்? நான் அவளைப் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டாள். மூடச் சொன்னேன். மூடினான். அவன் கண்ணில் தண்ணீர் மாதிரி இருந்தது. நடிப்பில் கெட்டிக்காரன்.

ஜூன் 23, திங்கள்

வண்டிமலையானுக்கு லீக். இந்தத் தடவை வயிறு முழுக்க. ஞாயிறு முழுவதும் கவனித்தும் பிந்திவிட்டது. மறுபடி திறந்தோம்.

ஜூன் 25, புதன்

வண்டிமலையான் இன்று காலை ஒன்பதே காலுக்கு இறந்துபோனார்.

வீட்டார் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மூத்த மகன், லாரி ஓட்டுகிறவன், "எங்கப்பாவ நடத்தித்தான கூட்டியாந்தோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. "ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. அதுக்கப்புறம் வார்டில் பார்த்துக்கிட்டது டாக்டர் ஜெபசிங். அவரைக் கேளுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவன் போய் ஜெபசிங்கைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். கண்ணாடி உடைந்தது. காவலாளிகள் வந்து பிரித்தார்கள். ஜெபசிங் போலீசில் புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். குற்றமில்லாதவன் ஏன் வேண்டாம் என்கிறான்?

ஜூன் 26, வியாழன்

சாப்பிட முடியவில்லை. இசக்கியம்மாள் காலைத் தொட வந்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஜூன் 27, வெள்ளி

பிடித்துவிட்டேன்.

அறுவை முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது தியேட்டர் சிஸ்டரின் வேலை. வயிற்றுக்குள் ஊசி எதுவும் தங்கிவிடக் கூடாதே. எத்தனை பிரித்தோம், எத்தனை திரும்பி வந்தது, கையெழுத்து. இந்த ஏட்டை எந்த மருத்துவரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. இன்று அமலோற்பவத்திடம் கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"பார்க்கணும்."

கொடுக்குமுன் அதைக் கொஞ்ச நேரம் மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.

குடல் இணைப்புக்கு நான் பிரிக்கச் சொல்வது நூல் கோத்த ஆறு ஊசி. அன்றும் ஆறு, இன்றும் ஆறு, என் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். வயிற்றுச் சுவருக்கான தடித்த நூல் தனி வரி. இந்த வருடப் பக்கங்களைப் புரட்டினேன். குடல் வரியில் ஒன்பது. பத்து. ஒன்பது. எட்டு. இடையில் எப்போதாவது ஆறு.

எட்டும் பத்தும் நான் வெளியே போன நாட்கள். நான் நின்ற நாட்களில் ஆறோடு நின்றுவிடுகிறது.

அதாவது நான் வெளியே போனதும் இவன் என் இணைப்பில் கை வைக்கிறான். என் தையலின் மேல் ஊசியை ஓட்டுகிறான். ஒரு மணி நேரம் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெரிந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உட்கார்ந்து ஒரே மூச்சில் மூன்று பக்கம் புகார் எழுதினேன். பேனா இரண்டு முறை கையிலிருந்து விழுந்தது, கோபத்தில்.

ஜூன் 30, திங்கள்

மருத்துவமனை டைரக்டரிடம் பேசினேன். புகாரை வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். விசாரணை முடியும் வரை ஜெபசிங் தியேட்டருக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. குற்றம் உறுதியானால் மருத்துவக் கவுன்சில் வரைக்கும் போகும். அத்தோடு அவன் வேலை முடிந்தது.

தங்கபுஷ்பம் இன்று அட்மிட் ஆனாள். ரத்தம் பத்தரைக்கு ஏறியிருக்கிறது. கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. ஜெபசிங்கை வராந்தாவில் பார்த்தவள், "அந்தக் கண்ணாடிக்கார சின்ன டாக்டரும் இருப்பாவளா?" என்றாள்.

"அவன் உன்னைத் தொடமாட்டான். அவன் கை பட்டதெல்லாம் விளங்கவில்லை. நான் மட்டும்தான்."

தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை இவளுக்கு நானும், புதிதாக வந்திருக்கும் ஒரு பயிற்சி மருத்துவரும். போதும்.

ஜூலை 2, புதன்

அமலோற்பவம் என் அறைக்கு வந்தாள். இருபது வருடத்தில் அவள் என் அறைக்கு வந்தது மூன்று தடவை இருக்கும். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஊசிக் கணக்கு எடுத்தீங்கள்லா சார்?"

"எடுத்தேன்."

"பக்கத்துல இன்னொரு கோடு போட்டு, யாருக்கு லீக் ஆச்சுன்னும் எழுதிப் பாருங்க. நான் போயிட்டு வாரேன்."

போய்விட்டாள். எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று கோபம் வந்தது. இருந்தாலும் தாளை எடுத்தேன்.

ஜனவரியிலிருந்து இருபத்திரண்டு அறுவைகள். பத்தொன்பதில் நான் இணைத்ததும் போயிருக்கிறேன். அந்தப் பத்தொன்பதிலும் எட்டு, ஒன்பது, பத்து ஊசி. லீக் ஒன்றுகூட இல்லை.

மூன்றில் கடைசி வரை நின்றிருக்கிறேன். மூன்றிலும் ஆறு ஊசி. ஆறுமுகநயினார். ஆசிரியை. வண்டிமலையான்.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். மாலை நோயாளிகளை அனுப்பிவிடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஆவுடையிடம் ஒரு குண்டூசி கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலில் குத்து என்றேன். காத்திருந்தேன்.

"குத்தேன்" என்றேன்.

"மூணு தடவ குத்திட்டேன்" என்றாள். கண்ணைத் திறந்தேன். விரல் நுனியில் ரத்தம் மொட்டு விட்டிருந்தது.

ஜூலை 3, வியாழன்

காலை ஆறு மணிக்கு ஜெபசிங் வீட்டுக்குப் போனேன். லுங்கியோடு வந்து கதவைத் திறந்தான். கண்ணாடியின் ஒரு காலை டேப் போட்டு ஒட்டியிருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் நின்றுகொண்டான்.

"எப்போலேருந்து?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று உடனே புரிந்தது.

"போன தீபாவளிக்கு முன்னால இருந்து சார். முடிச்சு இறுகாம இருந்துச்சு. தையலுக்கு நடுவுல இடைவெளி. முதல் தடவை பாத்தப்ப எனக்கே நம்பிக்கை இல்ல. சிஸ்டர்ட காட்டினேன். அவங்கதான் ஊசி எடுத்துக் கொடுத்தாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்ல சார்? தைக்கிறதே உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "நீங்க நின்ன அன்னைக்கெல்லாம் கேட்டேன் சார். காத்து ஊதுவோமான்னு கேட்டேன். ரெண்டு தையல் போடட்டான்னு கேட்டேன். இன்னும் சத்தமாக் கேட்டிருக்கணும். வண்டிமலையான் விஷயத்துல எனக்கும் பங்கு இருக்கு."

"வண்டிமலையானை..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு நீங்க வெளியவே போகலையே சார்" என்றான்.

குற்றம் சாட்டுகிற குரலில் அவன் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வருத்தப்பட்டுச் சொன்னான். நான் காவல் காத்தேன். திருடனைப் பிடிக்க நின்று, வைத்தியனை விரட்டியிருக்கிறேன். முப்பத்தொரு வருடத்தில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

கிளம்பும்போது அவன் தோளில் தட்டினேன். "நாளைக்கு தங்கபுஷ்பத்துக்கு நீ செய்" என்றேன். "உத்தரவு இருக்கே சார்" என்றான். "அதை நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

அங்கிருந்து நேரே டைரக்டர் வீடு. புகாரை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்தேன், காரணத்தோடு. அவர் காரணம் எழுதிய பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு, "இத எழுத்துல கொடுக்காதீங்க. உடல்நிலை சரியில்லன்னு மட்டும் போடுங்க. கேஸ் வந்தா நாம எல்லாரும் மாட்டிக்குவோம்" என்றார். இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு வார்டு. தங்கபுஷ்பம் கட்டிலில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உப்பு குறைவு என்று பக்கத்துக் கட்டிலுக்கு விமர்சனம் வேறு. நாளைக்கு டாக்டர் ஜெபசிங் செய்வார் என்றேன். கை அப்படியே நின்றது.

"ஏன் சார், நான் காப்பீட்டு அட்டையில வந்த ஆளுன்னு தள்ளி விடுதியளா?"

"இல்லம்மா."

"பெரிய இடத்து ஆளு யாரும் வந்துட்டாவளா? வெளிப்படையாச் சொல்லிருங்க. நான் வேற நாளு வாரேன். அவரு கை வெளங்காதுன்னு நீங்கதான சொன்னிய?"

மூன்று நாளைக்கு முன் நானே ஊற்றிய விஷம். அதை நான்தான் எடுக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"வெளங்காதது என் கைதான்மா. விரல்ல உணர்ச்சி இல்ல. சூடு தெரியல, ஊசி குத்துனா தெரியல. எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது. இந்த ஆறு மாசத்துல நான் தச்சு நல்லாப் போனவங்க பத்தொம்பது பேரு. அத்தனை பேருக்கும் எனக்குப் பின்னால நின்னு சரி பண்ணிவிட்டது அவர்தான். அவர சரி பண்ண விடாம நான் நின்ன மூணு பேருக்கும் கெட்டுப்போச்சு. அதுல ஒருத்தர் செத்துட்டார்."

நெடுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறைக்கவில்லை.

"இத இப்ப ஏன் எங்கிட்ட சொல்லுதிய?"

"நீ அவரை நம்பி ஆபரேஷனுக்குப் படுக்கணும். அதுக்குத்தான்."

தட்டைக் கீழே வைத்தாள். "அவரே செய்யட்டும். ஆனா நீங்களும் உள்ள நிக்கணும். மறுபடியும் மனசு மாறி வேற ஏதும் சொல்லாம இருக்கியளான்னு நான் முழிச்சதும் கேப்பேன்" என்றாள். என்னை நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு உதவியாளர் நிற்கும் பக்கத்தில் நின்றேன். குடலை விலக்கிப் பிடித்துக்கொள்வது என் வேலை. அதற்கு விரல் நுனி வேண்டியதில்லை, மணிக்கட்டு போதும்.

ஜெபசிங் மெதுவாகத் தைக்கிறான். ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் முந்தையதைத் திரும்பிப் பார்க்கிறான். நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முதல் அரை மணி நேரம் எனக்கு ஒரே பொறாமை. மறைத்து என்ன ஆகப் போகிறது, எழுதியே வைக்கிறேன். அதற்குப் பிறகு பொறாமை போய் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நன்றாகச் செய்யும் எந்த வேலையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அவளுக்கு நினைவு திரும்பியதும் முதலில் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பை இல்லை. அடுத்து என்னைத் தேடினாள். மனசு மாறவில்லை என்றேன்.

ஜூலை 7, திங்கள்

நரம்பு மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டார். கழுத்து எலும்பு நரம்பை நசுக்கியிருக்கிறது, ஒரு வருடத்துக்கு மேலாக. சரி செய்தாலும் முழு உணர்ச்சி திரும்பாது. இனி கத்தி எடுப்பதில்லை என்று டைரக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆவுடை அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பசி வந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூலை 9, புதன்

ஐந்தாம் நாள். காலை ஐந்து மணிக்கே வார்டுக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் ஜெபசிங் அங்கே உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இல்லை. நாடி எழுபத்தெட்டு. வயிறு மெத்தென்று இருக்கிறது.

"காத்துப் பிரிஞ்சுட்டு சார்" என்று வெட்கத்தோடு தங்கபுஷ்பம் சொன்னாள். உலகத்தில் இந்தச் சேதியைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற ஆட்கள் நாங்கள் மட்டும்தான். ஜெபசிங் சிரித்துவிட்டான். இந்த வருடத்தில் அவன் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். இட்லி கொடுக்கச் சொன்னேன். "முந்தாநாளே கொடுத்தாச்சு சார்" என்றான்.

ஜூலை 12, சனி

பேட்டைக்குப் போனேன். ஜெபசிங் தானும் வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

சந்துக்குள் கடைசி வீடு. வண்டிமலையானின் படத்துக்குப் பூ போட்டிருந்தது. இசக்கியம்மாள் பாயை விரித்தாள். மகன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். வக்கீலைக் கேட்கவில்லை, டைரக்டரைக் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் விரல், ஆறு ஊசி, ஜெபசிங் கேட்டது, நான் மறுத்தது. அன்று வராந்தாவில் "அவரைக் கேளுங்க" என்று கை காட்டியது. எங்கே வேண்டுமானாலும் புகார் கொடுங்கள், இதையே அங்கும் வந்து சொல்கிறேன் என்றேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். சத்தம் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அதுதான் நியாயமும். இரண்டும் நடக்கவில்லை.

"அப்போ அந்தச் சின்ன டாக்டரு ஒண்ணுமே செய்யலையா?"

"இல்லம்மா. காப்பாத்தத்தான் பாத்தாரு."

"எம்மவன் அவர கை நீட்டி அடிச்சிட்டானே. கண்ணாடி ஒடஞ்சு கீழ கெடந்துச்சு. அவரு குனிஞ்சு பொறுக்கினத நான் பாத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புகாரு குடுக்கதெல்லாம் எம்மவன் வந்து முடிவு பண்ணட்டும். அதுக்கு முன்னால அவன கூட்டிக்கிட்டு வந்து அந்தத் தம்பிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க கேட்டுட்டியளா சார்?"

இந்தப் பத்து நாளில் எத்தனை பேரிடம் எவ்வளவோ சொல்லிவிட்டேன். டைரக்டர், தங்கபுஷ்பம், பக்கத்துக் கட்டில்காரி, ஆவுடை. ஜெபசிங்கோடு ஒரே மேஜையில் மூன்று மணி நேரம் எதிரெதிரே நின்றிருக்கிறேன்.

இல்லை என்றேன்.